காசு கொடுத்து வாங்கிய மின்னூலின் பூட்டை நானே எடுத்தால் குற்றமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், பிசகியிருந்தால் திருத்துங்கள். பல வருடங்களாக ஒரே இணையக் கடையில் மின்னூல்கள் வாங்கி வந்தீர்கள். கடையை மூடப்போவதாக இப்போது மின்னஞ்சல் வந்திருக்கிறது. கோப்புகள் உங்களிடம் இருக்கின்றன, பழைய கணினியில் திறக்கின்றன, புதிதில் திறக்க மறுக்கின்றன. பதிவு செய்த கணினியில் மட்டும் திறக்கும்படி கோப்புக்குள் போட்டிருக்கும் பூட்டை எடுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அதைப் பயன்படுத்தினால் நான் திருடனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் கோபம் கடைசி வரியில்தான் இருக்கிறது: காசு கொடுத்த எனக்குத் திறக்காத புத்தகம், ஓசியில் இறக்கியவனுக்கு மட்டும் எல்லா இடத்திலும் எப்படித் திறக்கிறது? நான் அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால்தான் சட்டம் ஏன் இவ்வளவு கோணலாக இருக்கிறது என்பதும் புரியும்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு நூலகத்தின் மின்னூல் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன். பதிப்பாளர்களின் உரிம ஒப்பந்தங்களைப் படிப்பதும், "திறக்கவே இல்லை சார்" என்று வருபவர்களுக்கு வழி சொல்வதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்வேன். உங்கள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் என் எல்லைக்கு வெளியே.

ஒன்று செய்து பாருங்கள். கடையில் வாங்கியவுடன் முதலில் இறங்கிய கோப்பு ஏசிஎஸ்எம் என்று முடிகிறதா? மின்னூல் கடைகளில் நிறையப் பேர் பயன்படுத்துவது அடோபி நிறுவனத்தின் பூட்டு, அதில் அப்படித்தான் இருக்கும். அந்தக் கோப்பு சில கிலோபைட்தான், ஏனென்றால் அது புத்தகமே இல்லை. இன்ன சர்வருக்குப் போய் இன்ன புத்தகத்தை இன்ன தேதிக்குள் வாங்கிக்கொள் என்ற சீட்டு மட்டும்தான். வாசிப்பு மென்பொருள் அந்தச் சீட்டைக் காட்டி உண்மையான புத்தகத்தை, இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பாக, கொண்டுவருகிறது. அந்த இபப்பை ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியை மட்டும் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். இதில் எந்தப் பூட்டும் உடையாது, இபப் என்பதே ஒரு ஜிப் பொட்டலம்தான். உள்ளே அத்தியாயங்கள் வரிசையாக இருக்கும், பெயர்கள் எல்லாம் தெரியும். ஒன்றைத் திறந்தால் குப்பை எழுத்துகளாக வரும். மெட்டா-இன்ஃப் என்ற ஃபோல்டரில் இரண்டு சின்னக் கோப்புகள் கிடைக்கும். எவையெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டவை என்ற பட்டியல் ஒன்று. உரிமை விவரம் இன்னொன்று. புத்தகத்தைத் திறக்கும் சாவி அந்த இரண்டாவது கோப்பிலேயேதான் இருக்கிறது, உங்கள் கணக்குக்கென்று உண்டாக்கிய மற்றொரு சாவியால் மூடப்பட்ட நிலையில். அந்த மற்றொரு சாவி உங்கள் பழைய கணினியில் இருக்கிறது. மென்பொருளை முதல்முறை பதிவு செய்த அன்று சர்வரிலிருந்து வந்து உட்கார்ந்தது அது.

ஆக புத்தகம், பூட்டு, சாவி மூன்றும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க முடியாது. டிஆர்எம் என்று சொல்லும் இந்த டிஜிட்டல் பூட்டின் பலவீனம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. சாவியை மறைத்து வைக்கலாம், சுற்றிச் சுற்றிக் குழப்பலாம், ஆனால் கொடுக்காமல் இருக்க முடியாது. உலகத்தில் ஒரே ஒருவர் அதைத் தேடி எடுத்துவிட்டால் போதும், அவர் வெளியிடும் பூட்டில்லாத கோப்பு அப்புறம் எல்லோருக்கும் போகும். அந்தப் பிரதியை இறக்குபவர் பூட்டையே பார்ப்பதில்லை. பூட்டைப் பார்ப்பது வாங்கியவர் மட்டும்தான். உங்கள் கடைசி வரிக்கு இதுதான் பதில்.

இது என் கருத்து இல்லை, நடந்த வரலாறு. டிவிடிக்குப் போட்ட பூட்டின் சாவி வெறும் 40 பிட் நீளம். 1999இல் அதைத் திறக்கும் நிரல் வெளிவந்தது. அதற்காக யோன் லெக் யோஹான்சன் என்ற நார்வே இளைஞர் மேல் வழக்குப் போட்டார்கள். தான் வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமில்லை என்று அவரை 2003இல் விடுவித்தார்கள், மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். 2002இல் ஒரு வகை இசை வட்டின் காப்பு, வட்டின் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்தாலே செயலிழந்தது. 2005இல் நடந்ததுதான் மோசம். சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் சில இசை வட்டுகளில் வைத்த காப்பு மென்பொருள், விண்டோஸ் கணினிக்குள் தன்னையே ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தது. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியதால், வைரஸ் எழுதுபவர்கள் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கடைசியில் வட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இதில் அகப்பட்டவர்கள் கடையில் காசு கொடுத்து வட்டு வாங்கியவர்கள். பாட்டை இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கியவர் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, திருட்டைத் தடுக்காத பூட்டை ஏன் இவ்வளவு செலவு செய்து போடுகிறார்கள்? என் அனுபவத்தில் இதற்குப் பதில் எழுத்தாளரின் பதிப்புரிமையில் இல்லை, விற்பனை நிபந்தனையில் இருக்கிறது. பூட்டு இருந்தால் அதைத் திறக்கும் கருவியை யார் செய்யலாம், அந்தக் கருவி என்னென்ன செய்யலாம் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யலாம். பதிப்புரிமை தன்னளவில் அவருக்கு இந்த அதிகாரத்தைத் தருவதில்லை. 2009இல் அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலின் இரண்டாம் பதிப்பு, புத்தகத்தை உரக்கப் படிக்கும் வசதியோடு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஆட்சேபித்தது, அமேசான் இறங்கிவந்தது, எந்தெந்தப் புத்தகம் வாயைத் திறக்கலாம் என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தை இயந்திரத்தைக்கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்பது எந்த உரிமையை மீறுகிறது என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, கேட்கவே இல்லை. அதே வருடம் ஜூலையில், கடையில் ஏற்றிய பதிப்பாளருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிறுவனர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அப்படிச் செய்ய முடியும் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது.

நானே கையாண்ட ஒன்றைச் சொல்கிறேன். பார்வையில்லாத மாணவி ஒருவருக்குப் பாடப்புத்தகம் ஒன்று தேவைப்பட்டது. நூலகம் முறையாக உரிமம் வாங்கியிருந்தது. கோப்பு திறந்தது, ஆனால் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் மௌனமாக இருந்தது, ஏனென்றால் உரிமை விவரத்தில் உரக்கப் படிக்கும் அனுமதி அணைக்கப்பட்டிருந்தது. பதிப்பகத்துக்கு எழுதினோம். மறுக்கவில்லை, தங்களுக்கு ஆட்சேபமே இல்லை என்றார்கள், ஆனால் பூட்டைப் போட்டது விநியோக நிறுவனம் என்றார்கள். விநியோக நிறுவனத்தைக் கேட்டால் பதிப்பகம் எழுத்தில் கொடுக்கட்டும் என்றார்கள். எழுத்தில் கொடுத்ததும், தனியொரு வாசகருக்காக அமைப்பை மாற்ற அவர்கள் மென்பொருளில் வழியில்லை என்றார்கள். கடைசியில் பதிப்பகத்தில் ஒரு நல்ல மனுஷி அச்சுக்குப் போன பிடிஎஃப்பையே அனுப்பிவைத்தார். அதற்குள் அந்தப் பருவத் தேர்வு முடிந்துவிட்டது. இதில் கெட்டவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சட்டம் அனுமதித்தது, உரிமையாளர் அனுமதித்தார், பூட்டு மட்டும் அனுமதிக்கவில்லை. பார்வையற்றோர் படிக்கத்தக்க பிரதிகளைச் செய்ய அனுமதிக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் வந்தது, அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். நல்ல உடன்படிக்கைதான். ஆனால் கோப்புக்குள் இருக்கும் ஒரு வரி உடன்படிக்கையைப் படித்துப் பார்ப்பதில்லை.

இப்போது சட்டம். 1996இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பு கொண்டுவந்த உடன்படிக்கை, உரிமையாளர்கள் போடும் தொழில்நுட்பக் காப்பை உடைப்பதற்கு எதிராகப் போதிய சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டது. எப்படி என்பதை நாடுகளிடமே விட்டது. அமெரிக்கா 1998இல் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவில் அதை மிகக் கடுமையாக எழுதிக்கொண்டது. பூட்டை உடைப்பதே தனிக் குற்றம், உடைக்கும் கருவியைச் செய்வதும் கொடுப்பதும் இன்னொரு குற்றம். உடைத்த பிறகு நீங்கள் செய்தது, உரிமையாளரைக் கேட்காமலே சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடா, உங்கள் சொந்தப் பிரதியா என்பதெல்லாம் பிரிவின் வாசகத்தில் கேள்வியாகவே வரவில்லை. அதன் பலனை 2001இல் உலகம் பார்த்தது. மின்னூல் பூட்டின் பலவீனத்தைப் பற்றி அமெரிக்க மாநாட்டில் பேசிவிட்டு ஊருக்குக் கிளம்பிய ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்ல்யாரோவைக் கைது செய்தார்கள். அவர் எழுதிய மென்பொருள் ரஷ்யாவில் சட்டப்படி சரியானது. அடுத்த வருடம் அவர் வேலை பார்த்த நிறுவனத்தை நடுவர் குழு நிரபராதி என்று விட்டது, ஆனால் அதற்குள் போதுமான பேர் பயந்துவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் சில விலக்குகளை அறிவிப்பார். பார்வையற்றோர் மின்னூலைப் படிக்கப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு அப்படி 2003இல் வந்தது. ஒவ்வொரு மூன்று வருடமும் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். 2010இல் பதிப்புரிமைப் பதிவாளரே வேண்டாம் என்று பரிந்துரைத்து, நூலகத் தலைவர் அதை மீறிக் கொடுத்ததால் தப்பியது. இதைவிட விசித்திரம், விலக்கு திறக்கும் செயலுக்கு மட்டும்தான், கருவிக்கு இல்லை. அதாவது உங்களுக்குத் திறக்க உரிமை உண்டு, உங்களுக்குத் திறக்கும் மென்பொருளைக் கொடுப்பவர் குற்றவாளி. நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. டிவிடி நிரல் கிடைக்கும் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்ததற்காகவே ஒரு பத்திரிகைக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. உங்கள் நண்பர் சொன்ன மென்பொருளின் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அதுவே காரணம், கோழைத்தனம் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

இந்தியச் சட்டம் இதைவிட அறிவோடு எழுதப்பட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் என்கிறது. எடை முழுவதும் "மீறும் நோக்கத்தோடு" என்பதில் இருக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகத் திறப்பதை இந்தப் பிரிவு தடுக்காது என்றும் அடுத்த உட்பிரிவு சொல்கிறது. வேறொருவருக்குத் திறக்க உதவுபவர், யாருக்கு, எதற்கு என்ற பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தான் வாங்கிய புத்தகத்தைத் தானே படிக்கத் திறப்பவர் குற்றவாளி இல்லை என்றே எனக்குப் படுகிறது. படுகிறது என்றுதான் சொல்கிறேன். பிரிவின் வாசகம் உறுதி, அதன் மேல் நான் கட்டும் வாதம் வாதம்தான். கடையோடு நீங்கள் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளில் பூட்டை எடுக்கக் கூடாது என்று இருக்கும், அது ஒப்பந்த விஷயமாகத் தனியே நிற்கும்.

அமெரிக்காவில் இருந்தால் நிலைமை இன்னும் மங்கல். பூட்டை உடைத்ததற்கும் பதிப்புரிமை மீறலுக்கும் தொடர்பு இருந்தால்தான் குற்றம் என்று 2004இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட் பற்றிய வழக்கு. புத்தகத்தைக் காக்க வந்த சட்டம் கராஜ் கதவு வரைக்கும் போயிருக்கிறது! 2010இல் இன்னொரு நீதிமன்றம் அப்படித் தொடர்பு எதுவும் தேவையில்லை என்றது. இரண்டும் இன்னும் அப்படியே நிற்கின்றன. சிறைத் தண்டனை, வேண்டுமென்றே லாப நோக்கில் செய்தவர்களுக்கு மட்டும். தனியாள் மேல் நஷ்டஈடு வழக்கு வந்தால் ஒவ்வொரு உடைப்புக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை கேட்கலாம். ஆனால் பேசப்பட்ட பெரிய வழக்குகள் கருவி செய்தவர்கள், பரப்பியவர்கள் மேல் வந்தவை. அலமாரிக்குள் தன் புத்தகத்தைத் திறந்தவரைத் தேடிப் போனவை அல்ல.

பூட்டு போடுபவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நூலகம் மின்னூலை இரண்டு வாரத்துக்கு இரவல் தருகிறது என்றால் இரண்டு வாரத்தில் அது மூட வேண்டும், அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் பல பதிப்பாளர்கள் எங்களிடம் பேசவே மாட்டார்கள். வாடகைக்கு எடுத்ததில் பூட்டு இருப்பது எனக்கு உறுத்தவில்லை. விற்றதில் இருப்பதுதான் உறுத்துகிறது. பெரிய கணினி விளையாட்டுகளில் வெளியான முதல் சில வாரங்கள் பூட்டு தாக்குப்பிடித்தால் விற்பனைக்கு உதவும் என்ற வாதத்திலும் விஷயம் உண்டு, அங்கே முதல் வாரம்தான் காசு. புத்தகத்துக்கும் பாட்டுக்கும் அது பொருந்துகிறதா என்பது சந்தேகம். ஆப்பிள் 2009இல் தன் கடையின் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்தது, இசை வியாபாரம் அதனால் கவிழவில்லை. டோர் பதிப்பகம் 2012இல் மின்னூல் பூட்டைக் கைவிட்டு, கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துத் திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அறிவித்தது. ஒரு பதிப்பகத்தின் அனுபவம் எல்லாப் பதிப்பகத்துக்கும் ஆகாதுதான். ஆனால் பூட்டினால் புத்தக விற்பனை கூடியது என்று என்னிடம் வாதாடிய விற்பனைப் பிரதிநிதி யாரும் இதற்கு ஈடாக ஒன்றைக் காட்டியதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கடை மூடும் தேதிக்குள், வாங்கிய ஒவ்வொரு புத்தகத்தையும் முழுக் கோப்பாக இறக்கி, பழைய கணினியில் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ஏசிஎஸ்எம் சீட்டை மட்டும் சேமித்துவைத்தால் சர்வர் போனபின் அது எதற்கும் உதவாது. கணக்கின் சாவி அந்தக் கணினியில்தான் இருக்கிறது, எனவே அதை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். புதுக் கணினியை அதே கணக்கில் இப்போதே பதிவு செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம். பல சமயம் புதிதில் திறக்காததற்குக் காரணம் அதை வேறு மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பதுதான்.

அடுத்து, பணத்தைக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, முன்னுதாரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய எல்லாப் புத்தகத்துக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது, ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாக. அதே நிறுவனம் 2008இல் எம்எஸ்என் இசைக் கடையின் சாவி சர்வரை அணைக்கப்போவதாக அறிவித்து, வாங்கியவர்கள் கொதித்ததும் 2011 வரை நீட்டித்தது. ஆகவே புகார் எழுதுவது வீண் வேலை இல்லை. கடை மூடிய பிறகு எழுதினால்தான் வீண். பதிப்பகத்துக்கும் தனியே எழுதுங்கள், ரசீதை இணைத்து, பூட்டில்லாத பிரதி தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். சிறு பதிப்பகங்கள் தருவது உண்டு.

இனிமேல் வாங்கும்போது, பூட்டுக்குப் பதிலாக வாங்கியவர் பெயரோ ஆர்டர் எண்ணோ கோப்புக்குள் பதிந்து தரும் கடைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொதுவில் போட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடும், மற்றபடி உங்களைத் தொந்தரவு செய்யாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், பின்னால் பறிக்கக்கூடிய உரிமத்தை விற்கும் கடை அது உரிமம்தான் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும், நிரந்தரமாக இறக்கிக்கொள்ளும் கோப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கிண்டிலில் வாங்குபவர்கள் கவனத்துக்கு: கணினியில் கோப்பாக இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், கோப்பு இபப்பா பிடிஎஃப்பா, பழைய கணினியில் எந்த மென்பொருள் என்று கீழே எழுதுங்கள். கடையின் பெயர் தேவையில்லை, அந்த மின்னஞ்சலில் சர்வர் அணையும் தேதியென்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். விற்பனை நிற்கும் தேதியும் அதுவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.